அன்றாட வாழ்வும் ஒளிப்படமும்

1858-இல் லின்னேயஸ் டிரைப் என்னும் ஆங்கிலேயப் படை அதிகாரி மதுரையைப் படம் பிடித்தார். கோபுரங்களும் மண்டபங்களும் அழகுறப் பதிந்தன. நடமாடும் மனிதரைத் தெளிவாகப் பதிக்க அக்காலக் கருவிக்கு ஆற்றல் போதவில்லை. இன்று அத்தடை இல்லை. உழைக்கும் மக்களின் வாழ்வை உள்ளது உள்ளவாறு பதிவதே ஆவண ஒளிப்படக்கலை ஆகும். மதுரை எம். பழனிக்குமார், மீன் விற்ற தம் தாயின் உழைப்பையே படங்களாக்கினார். கழிவகற்றும் தொழிலாளர் துயரையும் பதிவு செய்தார்.

விடியற்காலையில் ஜீப்பேறி ஏலத்தோட்டம் செல்லும் நம் கம்பம் பள்ளத்தாக்குப் பெண்களை யார் பதிவர்? மாணவ நண்பர்களே! அவர்தம் இசைவு பெற்றுப் படமெடுங்கள். நாள், ஊர், வேலை ஆகியவற்றை உடன் எழுதி வையுங்கள். குறிப்பில்லாப் படம் அடுத்த தலைமுறையிடம் பேசாது அன்றோ!