வீட்டுக்காரனும் திறவாத அறை

வாடகை வீட்டிலே குடியிருப்பவன் தன் அறையைப் பூட்டிக்கொள்ளலாம். ஆயினும் அப்பூட்டுக்குரிய மற்றொரு திறப்பு வீட்டுக்காரன் கையில் இருக்குமானால், பூட்டியதனாற் பயன் யாது? இன்று கணினித் துறையினரும் இவ்வினாவுக்கே விடை தேடுகின்றனர்.

ஒரு கணினியைப் பல கணினிகள் போல இயங்கச் செய்யும் முறை பழையதே. 1960களில் ஐ.பி.எம். நிறுவனத்தார் இதனைச் செய்து காட்டினர். இவ்வாறு தோற்றுவிக்கப்படுவது மெய்நிகர் இயந்திரம் எனப்படும். லினக்ஸ் இயங்குதளத்தின் உயிர்நிலையாகிய கருவகத்திலே, 2007ஆம் ஆண்டு கே.வி.எம். என்னும் பகுதி சேர்க்கப்பட்டபின் இம்முறை எங்கும் பரவியது. மருத்துவமனையின் நோயாளர் குறிப்புகளும் வங்கியின் கணக்குகளும் பிறருடைய கணினிகளிலே குடிபுகுந்தன.

நினைவகம் சிறு சிறு பக்கங்களாக வகுக்கப்பட்டது. ஒரு பக்கம் பெரும்பாலும் 4096 பைட்டு அளவினது. எந்த முகவரிக்கு எந்தப் பக்கம் உரியது என அட்டவணையிற் குறித்தலே நினைவக இணைப்பாகும். பழைய முறையில், குடியிருக்கும் இயந்திரத்தின் பக்கங்கள் யாவும் தாங்கும் கணினியின் அட்டவணையிலும் இருந்தன. ஆகவே, தாங்கும் கணினி பகைவர் வசப்படின் குடியின் இரகசியமெல்லாம் வெளிப்படும்.

இதனைத் தடுக்கும் வழிகள் பல. ஏ.எம்.டி., இன்டெல் ஆகிய நிறுவனங்களின் சில செயலிகள் அப்பக்கங்களை மறையீடு செய்து காக்கின்றன. அண்ட்ரொயிட் கைப்பேசிகளுக்கென கூகிள் உருவாக்கிய முறையிலோ, கருவகத்தினும் மேலான அதிகாரமுடைய சிறு காவல் நிரலொன்று, கருவகமும் அவற்றை அணுகாவண்ணம் தடுக்கின்றது. தடுத்த பக்கத்தைக் கருவகம் தவறுதலாகத் தொட்டாலும் கணினி முழுவதும் நிலைகுலைதல் கூடும். எனவே, 2024இல் வெளிவந்த லினக்ஸ் 6.8ஆம் பதிப்பிலே, தாங்கும் கணினியின் செய்நிரல்கள் தம்முடன் இணைக்கவே இயலாத தனி நினைவகம் ஏற்படுத்தப்பட்டது.

ஆனால், கதவே இல்லாத அறையில் எவர் வாழ்வர்? வட்டிலிருந்தும் வலையமைப்பிலிருந்தும் தரவுகள் வந்துபோக, சில பக்கங்களையேனும் இரு சாராரும் பகிர்தல் வேண்டும். பகிர்வுக்கு ஒரு நினைவகம், இரகசியத்துக்கு வேறொரு நினைவகம் என வைப்பின், ஒரே பக்கத்துக்கு ஈரிடம் வீணாகும். ஆகவே, ஒரே நினைவகத்திலே பகிர்ந்த பக்கங்களை மாத்திரம் இணைக்கவிட்டு, ஏனையவற்றைத் தொட முயலும் செய்நிரலுக்குப் பிழை அறிவித்து மறுக்கும் முறையைக் கருவக வல்லுநர் பரிசோதனையாக முன்வைத்தனர். 2025இன் இறுதியில் வெளிவந்த 6.18ஆம் பதிப்பிலே, பகிர்வுக்குரிய அத்தகைய நினைவகத்தை இணைக்கும் வசதி இடம்பெற்றது.

இங்கு அரிய சிக்கல் ஒன்றுண்டு. பகிர்ந்த பக்கத்தை மீண்டும் இரகசியமாக்குமுன், பழைய இணைப்புகளை நீக்குவது மாத்திரம் போதாது. கருவகத்தின் வேறொரு பகுதியோ, வெளிக்கருவியொன்றோ அப்பக்கத்தை இன்னும் பற்றிக்கொண்டிருக்கலாம். எல்லோரும் கைவிட்டனர் என்று உறுதியான பின்னரே பூட்டுதல் தகும். அன்றேல் பூட்டிய அறைக்குள்ளே அயலான் ஒருவன் நிற்பான்.

இத்துணைக் காவலுக்கும் எல்லை உண்டு. வீட்டுக்காரன் அறைக்குள் நோக்க இயலாதாயினும், விளக்கை அணைத்து வீட்டையே மூடிவிடல் அவனுக்கு இயலும். இயந்திரம் நின்றுபோகலாம், இரகசியம் வெளிப்படலாகாது. இக்காவல் தரும் உறுதி அவ்வளவே. பிறர் வீட்டிலே தம் அந்தரங்கத்தை வைத்திருப்போருக்கு அதுவும் பேருதவியன்றோ!