பாட்டுப் போட்டியா? பாட்டுக் கூட்டமா?

அன்பார்ந்த பெரியோர்களே, தாய்மார்களே, முன்வரிசையிலே உட்கார்ந்துகொண்டு "இவர் எப்பம்மா முடிப்பாரு?" என்று கேட்டுக்கொண்டிருக்கிற குழந்தைச் செல்வங்களே!

இந்த மண்டபம் இருக்கிற இடத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். தாம்பரம் சானடோரியம். 1928இலே டாக்டர் சவுரிமுத்து இங்கே காசநோய்க்கு ஒரு மருத்துவமனை தொடங்கினார். நெஞ்சு பலவீனமானவர்கள் நல்ல காற்றுக்காக வந்து தங்கிய ஊர் இது. இன்றைக்கு என்ன நடக்கிறது? சேலையூர், செம்பாக்கம், குரோம்பேட்டை, பெருங்களத்தூர், எங்கே போனாலும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அடுக்குமாடி வீட்டு மொட்டை மாடியிலே ஒரு ஒலிபெருக்கி, கையிலே ஒரு மைக். மூச்சு வாங்க வந்த ஊரிலே நாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு பாடிக்கொண்டிருக்கிறோம்! (சிரிப்பு)

அதிலும் 'கேளடி கண்மணி' படம் 1990இலே வந்தது பாருங்கள், எஸ்.பி.பாலசுப்ரமணியம் மூச்சு விடாமல் பாடியதாக ஊரே பேசுகிற ஒரு பாட்டு அதிலே உண்டு. அதைப் பாடியே தீருவேன் என்று ஒவ்வொரு குடியிருப்பிலும் ஒருவர் கிளம்புவார். அவர் பாடி முடிக்கும் வரைக்கும் வீட்டம்மா ஒரு சொம்புத் தண்ணியோடு பக்கத்திலேயே நிற்பார். (சிரிப்பு, கைதட்டல்)

இவர்கள் யாரும் தொழில்முறைப் பாடகர்கள் இல்லை. ரசிகர்கள். கேட்டுக் கேட்டு, ஒரு நாள் நாமும் பாடிப் பார்த்தால் என்ன என்று எழுந்தவர்கள். இவர்களுக்குப் போட்டி நல்லதா, வெறுமனே கூடிப் பாடுவது நல்லதா என்பதுதான் இன்றைய கேள்வி. இரண்டு அணியும் அருமையாகப் பேசினார்கள். இனி என் வேலை. தீர்ப்புச் சொல்வதற்கு முன்னால் உங்களிடம் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. அதைக் கடைசியிலே சொல்கிறேன். இப்போதே சொன்னால் பாதிப் பேர் எழுந்து போய்விடுவீர்கள்.

முதலிலே போட்டி அணி. தலைவி அம்மா என்ன கேட்டார்கள்? "போட்டி இல்லாமல் திறமை எப்படி ஐயா வெளியே வரும்?" நியாயமான கேள்வி. அதற்கு நம் பாலுவே சாட்சி. பொறியியல் படிக்க வந்த பையன். 1964இலே சென்னையிலே ஒரு தெலுங்குக் கலாசார அமைப்பு நடத்திய போட்டியிலே முதல் பரிசு வாங்கினார். இசையமைப்பாளர் கோதண்டபாணி அந்தக் குரலைக் கண்டுகொண்டார். 1966இலே சினிமாவிலே பாடும் வாய்ப்பு வந்தது. அன்றைக்குப் போட்டி என்று ஒன்று இல்லாவிட்டால், அவர் எந்தத் தொழிற்சாலையிலே இஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றிருப்பாரோ! (கைதட்டல்)

ஆனால் அம்மா, அந்தக் கதையிலே ஒரு பாதியைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள். அந்தக் காலத்திலே பாலு ஒரு மெல்லிசைக் குழு வைத்திருந்தார். அதிலே கிடாரும் ஆர்மோனியமும் வாசித்தவர் யார் தெரியுமா? இளையராஜா. கூடவே பாஸ்கர், கங்கை அமரன். பின்னாளிலே தமிழ்நாட்டையே பாட வைத்தவர்கள் ஒரே மேடையிலே தோளோடு தோள் நின்று வாசித்திருக்கிறார்கள். ஆக, பாலுவை ஊருக்குக் காட்டியது போட்டி. பாலுவோடு கூட நின்றது கூட்டம்.

சரி, கூட்டு அணிக்கு வருவோம். அந்த அணித் தம்பி சொன்னார்: "போட்டி என்று வந்தாலே கட்சி வந்துவிடும் ஐயா." உண்மைதான். எம்.ஜி.ஆர். ரசிகர், சிவாஜி ரசிகர் என்று நம் தெருவெல்லாம் இரண்டாகப் பிரிந்து கிடந்த காலத்தை இங்கே இருக்கிற தாத்தாக்களைக் கேட்டால் சொல்வார்கள். அண்ணன் ஒரு கட்சி, தம்பி ஒரு கட்சி, நடுவிலே சோறு போடுகிற அம்மா எந்தக் கட்சியும் இல்லை. ஒரு வேடிக்கையைக் கவனித்தீர்களா? இவருக்கும் பாடியவர் டி.எம்.சௌந்தரராஜன். அவருக்கும் பாடியவர் அதே டி.எம்.சௌந்தரராஜன்! சட்டையைக் கிழித்துக்கொண்டவர்கள் இரண்டு பேரும் வீட்டுக்குப் போய் ஒரே குரலைக் கேட்டுக்கொண்டுதான் தூங்கியிருக்கிறார்கள். (பலத்த சிரிப்பு)

சினிமா ரசிகன்தான் இப்படி என்று நினைக்காதீர்கள். திருவையாற்றிலே தியாகராஜர் ஆராதனை. அங்கேயும் பெரிய கட்சி, சின்ன கட்சி என்று இரண்டு இருந்தன. எல்லோரும் ஒரே மகானின் பாட்டுக்கு உருகியவர்கள். ஆனாலும் தனித்தனிக் கொண்டாட்டம். பெண்களுக்கோ அந்த மேடையிலே பாட இடமே இல்லை. பெங்களூர் நாகரத்னம்மாள் என்ற அம்மையார் தம் சொத்தையும் நகையையும் செலவழித்து அங்கே சமாதிக் கோயில் எழுப்பினார். எழுப்பியவருக்கே பாட இடமில்லை என்றால் எப்படி? பெண்களைச் சேர்த்துக்கொண்டு தாமே ஆராதனை நடத்தினார். அப்புறம் எல்லாக் கட்சியும் ஒன்றாயின. 1941இலிருந்து பஞ்சரத்ன கீர்த்தனைகளை எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து பாடுகிறார்கள். பெரிய வித்வானும் பாடுகிறார், நேற்றுக் கற்றுக்கொண்ட சிறுமியும் பாடுகிறாள். அங்கே முதல் பரிசு யாருக்கு என்று கேட்பார் உண்டா?

இப்போது நம் மொட்டை மாடிக்கு வாருங்கள். கரோக்கி, கரோக்கி என்கிறோமே, அது என்ன? ஜப்பானியச் சொல். 'கரா' என்றால் காலி. 'ஓக்கே' என்பது ஆர்கெஸ்ட்ராவின் சுருக்கம். வாத்தியங்கள் எல்லாம் இருக்கும், பாடுகிறவர் இடம் மட்டும் காலி. உங்களுக்காக ஒதுக்கி வைத்த நாற்காலி மாதிரி!

அதைப் பரப்பியவர்களிலே முக்கியமானவர் கோபே நகரத்து டைசுகே இனோவே. மதுக்கூடங்களிலே பாடுகிறவர்களுக்குப் பக்கவாத்தியம் வாசித்துப் பிழைத்தவர். ஒரு சிறு கம்பெனி முதலாளி இவர் வாசித்தால்தான் பாடுவாராம். காரணம், அவருக்குச் சுருதியும் தாளமும் தகராறு. அவர் எங்கே தடுமாறுவாரோ அங்கே இவர் வாத்தியத்தை அவருக்குத் தகுந்த மாதிரி வளைத்துக் கொடுப்பார். ஒருமுறை அந்த முதலாளி வெளியூர் போக, இனோவேயால் கூடப் போக முடியவில்லை. அவர் குரலுக்கு ஏற்றபடி வாசித்து ஒலிநாடாவிலே பதிந்து கொடுத்தனுப்பினார். அந்த யோசனையே 1971இலே காசு போட்டால் பாடுகிற பெட்டியாக ஆனது. அதற்கு அவர் காப்புரிமைகூட வாங்கவில்லை. 2004இலே அவருக்கு 'இக் நோபல்' என்ற பரிசு கொடுத்தார்கள். முதலில் சிரிக்க வைத்து, பிறகு சிந்திக்க வைக்கிற பரிசு அது. எந்தத் துறைக்குத் தெரியுமா? சமாதானத்துக்கு! மனிதர்கள் ஒருவரை ஒருவர் பொறுத்துக்கொள்ளப் புது வழி காட்டினாராம். (சிரிப்பு) சிரிக்காதீர்கள், பக்கத்து வீட்டுக்காரர் பாடும்போது நீங்கள் பொறுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்களே, அதைவிடப் பெரிய சமாதானம் எது?

அந்தக் கருவியிலே, இப்போது கைப்பேசியிலே, ஒரு சின்ன விஷயம் உண்டு. பிளஸ், மைனஸ் என்று இரண்டு பொத்தான். பாட்டுக்காரர்கள் ஒரு கட்டை, ஒன்றரைக் கட்டை, இரண்டு கட்டை என்று சொல்வார்களே, அது சுருதியின் உயரம். மைனஸை ஒருமுறை அழுத்தினால் பாட்டு பெரும்பாலும் அரைக் கட்டை இறங்கும். இரண்டு முறை அழுத்தினால் ஒரு கட்டை. மெட்டு மாறாது, தாளம் மாறாது. உயரம் மட்டும் உங்கள் தொண்டைக்குத் தகுந்தபடி இறங்கி வரும். பெண்மணி பாடிய பாட்டை ஆண் பாட வேண்டுமா? அதற்கும் வழி இதுதான். ஆனால் பல போட்டிகளிலே இதை அனுமதிப்பதில்லை. "மூலப் பாட்டு எந்தச் சுருதியோ அதிலேயே பாடணும்" என்று விதி. ஏன்? எல்லோரையும் ஒரே அளவுகோலாலே அளக்க வேண்டாமா? சுருதிக்கு இவ்வளவு, தாளத்துக்கு இவ்வளவு, உச்சரிப்புக்கு இவ்வளவு, பாவத்துக்கு இவ்வளவு என்று மதிப்பெண் போட வேண்டாமா? அதுவும் நியாயம்தான். போட்டியிலே பாட்டின் உயரத்துக்கு மனுஷன் ஏறணும். கூட்டத்திலே மனுஷனுக்காகப் பாட்டு இறங்கி வரும். வித்தியாசம் இவ்வளவுதான் ஐயா! (கைதட்டல்)

இப்போது என் குற்றம்.

சில வருஷத்துக்கு முன்னாலே சேலையூர்ப் பக்கம் ஒரு குடியிருப்பிலே பொங்கல் விழா. பாட்டுப் போட்டிக்கு என்னை நடுவராகக் கூப்பிட்டார்கள். எனக்குச் சங்கீதம் தெரியாது. மைக் பிடித்துப் பேசத் தெரியும் என்பதால் கூப்பிட்டார்கள். ஒரு பெரியவர் பாட வந்தார். ரயில்வேயிலே கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர், வயசு எழுபதுக்குப் பக்கம். டி.எம்.எஸ். பாட்டு, மூலச் சுருதி. பல்லவி நன்றாகத்தான் இருந்தது. சரணத்திலே மேலே போகிற இடத்திலே குரல் உடைந்துவிட்டது. விட்டேனா நான்? "சார், பாட்டு மேலே போயிடுச்சு. நீங்க பிளாட்பாரத்திலேயே நின்னுட்டீங்க!" என்றேன். மண்டபமே அதிர்ந்தது. அப்படி ஒரு கைதட்டல். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்குப் பெருமை.

ஒரு மாசம் கழித்து அந்தக் குடியிருப்பு நண்பர் ஒருவர் சொன்னார்: "அவர் இப்ப ஞாயித்துக்கிழமை மாடிக்கு வர்றதில்லை." எனக்கு என்னமோ செய்தது. நேரே அவர் வீட்டுக்குப் போனேன். அம்மாதான் கதவைத் திறந்தார்கள். "வாங்க தம்பி" என்று காபி கொடுத்தார்கள். கொடுத்துவிட்டு மெல்லச் சொன்னார்கள்: "காலையிலே ஷேவ் பண்ணும்போது ஏதாவது முணுமுணுத்துக்கிட்டே இருப்பாரு. இப்ப அதுகூட இல்லே."

அவர் வந்து உட்கார்ந்தார். நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "நீங்க சொன்னது தப்பில்லே, ப்ரொபசர். பாட்டு மேலேதான் போச்சு. ஆனா அன்னிக்கு என் பேத்தி முன்வரிசையிலே உக்காந்திருந்தா. எல்லாரும் சிரிச்சாங்க. அவளும் சிரிச்சா."

இத்தனை வருஷம் மேடையிலே பேசியிருக்கிறேன். அந்த ஒரு வாக்கியத்துக்கு எனக்குப் பதில் கிடைக்கவில்லை.

வில்லிபுத்தூரார் கதை கேட்டிருப்பீர்கள். புலவர்களை வாதுக்கு அழைப்பாராம், தோற்றவர்கள் காதை அறுப்பாராம். அருணகிரிநாதர் கந்தர் அந்தாதி பாட, அதற்குப் பொருள் சொல்ல முடியாமல் வில்லிபுத்தூரார் ஒரு நாள் தோற்றாராம். வகுப்பிலே இந்தக் கதையைச் சொல்லும்போது நான் கேட்பேன், இப்போது காது யாருக்குப் போக வேண்டும் என்று. அருணகிரியார் அறுக்கவில்லை. இனி அந்தக் கருவியைத் தூக்காதீர்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டாராம். வருஷாவருஷம் மாணவர்களுக்கு இந்தக் கதையைச் சொன்னவன், அன்றைக்குப் பொங்கல் மேடையிலே ஒரு பெரியவர் காதை அறுத்துவிட்டுக் கைதட்டலும் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறேன்! (அமைதி)

அப்புறம் என்ன ஆனது? சட்டென்று ஒன்றும் ஆகவில்லை. இரண்டு மூன்று மாசம் போயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் மாடிக்கு வந்து கடைசியிலே நின்றார். யாரும் அவரைப் பாடச் சொல்லி வற்புறுத்தவில்லை. அந்தப் பேத்திதான் கைப்பேசியை எடுத்தாள். மைனஸ் பொத்தானை இரண்டு முறை அழுத்தினாள். "தாத்தா, இப்ப பாடு" என்றாள். அதே பாட்டு. சரணத்திலே அதே இடம். ஒரு கட்டை இறங்கியிருந்தது, ஆகவே போய்ச் சேர்ந்தார். நானும் அன்றைக்குப் பாடினேன். எனக்கு எத்தனை கட்டை இறக்கினாலும் பிரயோசனம் இல்லை என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். (சிரிப்பு)

ஆகவே என் தீர்ப்பு. போட்டி வேண்டுமா? வேண்டும். இன்னொரு பாலு எந்தக் குடியிருப்பிலே இருக்கிறானோ, யாருக்குத் தெரியும்? வருஷத்துக்கு ஒரு நாள் அளவுகோலை எடுங்கள். ஆனால் நாற்பது பேர் பாடி மூன்று பேருக்குப் பரிசு என்றால், முப்பத்தேழு பேர் வெறுங்கையோடு வீட்டுக்குப் போகிறார்கள். அந்த முப்பத்தேழு பேரும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாடிக்கு வருகிறார்களா? வந்தால் அது நல்ல போட்டி. வராவிட்டால், பரிசு பெற்ற மூன்று பேரும் காலி நாற்காலிக்குத்தான் பாட வேண்டும். குறையைத் தனியே கூப்பிட்டுச் சொல்லுங்கள், நிறையை மைக்கிலே சொல்லுங்கள். பரிசு கொடுத்த கையோடு எல்லோரும் சேர்ந்து ஒரு பாட்டுப் பாடிவிட்டுக் கலையுங்கள். நடுவர் என்று ஒருவரைக் கூப்பிட்டால், முதலில் அவரை ஒரு பாட்டுப் பாடச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு அவர் வாயே திறக்க மாட்டார்! (பலத்த கைதட்டல்)

1931இலே கடற்கரையிலிருந்து நம் தாம்பரத்துக்கு மின்சார ரயில் வந்தது. அன்றிலிருந்து இந்த ஊருக்கு வருகிற வண்டியைப் பார்க்கிறோம். முதல் பெட்டியிலே ஏறினாலும் கடைசிப் பெட்டியிலே ஏறினாலும் ஒரே வண்டியிலேதான் ஊர் வந்து சேர்கிறோம். அந்த ஓய்வு பெற்ற பெரியவர் எனக்கு இன்னொன்றும் சொன்னார். கார்டு எந்தப் பெட்டியிலே இருப்பார்? கடைசிப் பெட்டியிலே. அவர் மணி கொடுக்காமல் முன்னாலே இருக்கிற டிரைவர் வண்டியை எடுக்க முடியாது.

நம் பாட்டுக் கூட்டத்திலும் கடைசியிலே நிற்கிறவர் ஒருவர் இருப்பார். அவர் ஏறிவிட்டாரா என்று பார்த்துவிட்டு வண்டியை எடுங்கள். அதற்காகவே, கூட்டுத்தான் பெரிது, போட்டி அதற்குள்ளே அடங்கட்டும் என்று தீர்ப்புச் சொல்லி அமர்கிறேன்.