புளியங்கொட்டையும் காலண்டரும் போதும்

‘பே ஏகே பே, பே துணே சார்’ என்று மராத்திப் பள்ளியில் படிக்கும் பிள்ளை இரண்டாம் வாய்ப்பாட்டை ஒப்பிக்கிறது. அடுத்த வீட்டுப் பிள்ளை அதையே ஆங்கிலத்தில் ஒப்பிக்கிறது. மின்சார ரயிலில் நசுங்கி வீடு திரும்பும் தகப்பனார் இரண்டையும் கேட்டுவிட்டு, ‘நாம் படித்தது ஊரில், தமிழில், நம்மால் என்ன சொல்லிக் கொடுக்க முடியும்?’ என்று டியூஷனுக்குப் பணத்தை எடுத்து வைக்கிறார். மும்பையில் நம்மவர் வீடுகளில் இது அன்றாடக் காட்சி.

டியூஷனே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் ஐந்து வயதிலிருந்து எட்டு வயதுக்குள் பிள்ளைக்குப் பிடிபட வேண்டிய முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. எண்கள் ஓர் ஒழுங்கில் வருகின்றன. அந்த ஒழுங்கைக் கண்டுகொண்டால், அடுத்தது என்ன என்பதை யாரும் சொல்லாமலே தெரிந்துகொள்ளலாம். இதைக் கற்பிக்க மராத்தியும் வேண்டாம், ஆங்கிலமும் வேண்டாம்.

சொல்லப்போனால் இதில் தமிழே நமக்குக் கைகொடுக்கிறது. மராத்தியில் பாவீஸ், தேவீஸ், சோவீஸ் என்று சிறிய எண் முன்னால் வந்து உருமாறி ஒட்டிக்கொள்கிறது. தமிழிலோ இருபத்திரண்டு, இருபத்து மூன்று, இருபத்து நான்கு. பத்தும் தனியே காதில் விழுகிறது, ஒன்றும் தனியே விழுகிறது. ஆகவே பிள்ளை எந்த மொழியில் படித்தாலும் வீட்டில் ஒருமுறை தமிழில் நூறு வரை எண்ணச் சொல்லுங்கள். எழுபது, எண்பது என்று போனவன் அடுத்துத் ‘தொண்ணூறு’ வந்ததும் ‘இது மட்டும் ஏன் இப்படி?’ என்று கேட்டால், ஒழுங்கு அவனுக்குப் பிடிபட்டுவிட்டது என்று அர்த்தம். மராத்தியை மட்டம் தட்டுவதாக நினைக்க வேண்டாம். 29க்கு அவர்கள் சொல்லும் ‘ஏகோணதீஸ்’, முப்பதுக்கு ஒன்று குறைவு என்று பொருள்படும் அழகான சொல்தான்.

மிகச் சிறிய பிள்ளைக்கு எண்ணே வேண்டியதில்லை. டம்ளர், கரண்டி, கரண்டி; டம்ளர், கரண்டி, கரண்டி என்று தரையில் அடுக்கி, ‘அடுத்து என்ன?’ என்று கேளுங்கள். சரியாக வைத்துவிடும். அதோடு விட்டுவிடக் கூடாது. ‘இதில் திரும்பத் திரும்ப வருவது எது?’ என்று கேட்க வேண்டும். அங்கேதான் பல பிள்ளைகள் தடுமாறும். பிறகு பிள்ளையே ஒரு வரிசையை அடுக்கட்டும், நீங்கள் தொடருங்கள். வேண்டுமென்றே ஒன்றைத் தப்பாக வைத்துப் பாருங்கள், அது போடுகிற கூச்சலை!

இனி, தகப்பனார்கள் கவனிக்க வேண்டிய ஒன்று. ‘2, 4, அடுத்தது என்ன?’ என்று கேட்டால், ‘6’ என்பதே நாம் எதிர்பார்க்கும் விடை. பிள்ளை ‘8’ என்றால் உடனே குட்டு விழுகிறது. ‘ஏன் 8?’ என்று கேட்டிருந்தால், ‘ஒன்று இரண்டானால் 2, இரண்டு இரண்டானால் 4, நாலு இரண்டானால் 8’ என்று அது விளக்கியிருக்கும். அதுவும் ஓர் ஒழுங்குதான், விடையும் சரிதான். குட்டு வாங்கிய பிள்ளை அடுத்த முறை யோசிக்காது. உங்கள் முகத்தைப் பார்த்து விடை சொல்லப் பழகிவிடும். கணக்கு வராத பிள்ளைகளில் பலர் இப்படி ஆக்கப்பட்டவர்கள் என்பதே என் எண்ணம்.

தாய்மார்களின் கையிலோ ஒரு பாடப் புத்தகமே இருக்கிறது. ‘7 புள்ளி, 1 முடிய, நேர்ப்புள்ளி’ என்று கோலத்துக்குப் புள்ளி வைப்பார்களே, அதைப் பிள்ளையை விட்டுப் புளியங்கொட்டையால் வைக்கச் சொல்லுங்கள். (கொட்டை எடுத்த புளி வாங்குகிறவர்களுக்குக் கொண்டைக்கடலை இருக்கிறது. வாசலில் ஒட்டும் ஸ்டிக்கர் கோலம் இதற்கு உதவாது. அதில் பிள்ளை எண்ணி வைப்பதற்கு ஒன்றுமில்லை.) மேலிருந்து நடுவரிசை வரை 1, 3, 5, 7. முதல் இரண்டு வரிசையைக் கூட்டினால் 4. மூன்றைக் கூட்டினால் 9. நான்கையும் கூட்டினால் 16. அந்த 16 கொட்டைகளையும் கலைத்து, வரிசைக்கு நான்காக நான்கு வரிசை அடுக்கினால் கச்சிதமான சதுரம்! 9 கொட்டைகள் மூன்றுக்கு மூன்று, 4 கொட்டைகள் இரண்டுக்கு இரண்டு. அடுத்த வரிசைக்கு 9 கொட்டைகள் சேர்த்தால் என்னவாகும்? வாயைத் திறக்காமல் காத்திருங்கள். ஐந்துக்கு ஐந்து என்று பிள்ளையே கண்டுபிடிக்கட்டும்.

சுவரில் மாதக் காலண்டர் இருக்கிறதல்லவா? வாரத்தின் ஓரத்தில் வராத ஒரு தேதியைச் சுற்றி ஒன்பது தேதிகளுக்குக் கட்டம் போடுங்கள். நடுவில் 10 என்றால் எதிரெதிர்த் தேதிகள் 9ம் 11ம் சேர்ந்து 20. 3ம் 17ம் 20. 2ம் 18ம் 20. 4ம் 16ம் 20. ஒன்பதையும் கூட்டினால் 90. நடுவில் 17 வைத்தால் 153. எப்போதும் நடுத் தேதியின் ஒன்பது மடங்கு.

கழித்தல் பழகிய பிள்ளைகளுக்கு நாசிக் அருகே தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக இருந்த கப்ரேகர் விட்டுச் சென்ற விளையாட்டு ஒன்று உண்டு. எல்லா இலக்கமும் ஒன்றாக இல்லாத ஒரு நான்கிலக்க எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். 3524 என்று வைப்போம். இலக்கங்களைப் பெரியதிலிருந்து அடுக்கினால் 5432, சிறியதிலிருந்து அடுக்கினால் 2345, கழித்தால் 3087. அதையும் அப்படியே செய்தால் 8730லிருந்து 0378 போக 8352. மறுபடி 8532லிருந்து 2358 போக 6174. இன்னொரு முறை செய்தாலும் 6174தான். எந்த எண்ணில் தொடங்கினாலும் ஏழு கழித்தலுக்குள் இங்கேதான் வந்து நிற்கும். ஞாயிற்றுக்கிழமை மாலை நீங்கள் ஓர் எண், பிள்ளை ஓர் எண் என்று எடுத்துக்கொண்டு, யாருடையது முதலில் வந்து சேருகிறது என்று போட்டுப் பாருங்கள்.