கம்பெனிகள் இணைந்தால் போதுமா? ஏர் இந்தியா தரும் பாடம்

நீங்க ஷேர் வைத்திருக்கும் கம்பெனி இன்னொரு கம்பெனியோடு இணையப் போகுதுன்னு நியூஸ் வந்தா முதல்ல எதைப் பார்ப்பீங்க? பெரும்பாலும் ஸ்வாப் ரேஷியோ, அதாவது நமக்கு எத்தனை ஷேர் கிடைக்கும் என்ற கணக்கு. அது தேவைதான். ஆனால் இணைப்பு ஜெயிக்குமா என்பதை அந்த எண் சொல்லாது.

2007-ல் மத்திய அரசு ஏர் இந்தியாவையும் இந்தியன் ஏர்லைன்ஸையும் இணைத்தது. ஒன்று வெளிநாட்டு சேவை, மற்றொன்று உள்நாட்டு சேவை. பேப்பரில் பக்கா பொருத்தம். ஆனால் விமானக் குறியீடு ஒன்றாகவே 2011 ஆயிடுச்சு. அதே வருஷம் பழைய இந்தியன் ஏர்லைன்ஸ் பைலட்டுகள் சம சம்பளம் கேட்டு ஸ்டிரைக் செய்தார்கள். 2012-ல் போயிங் 787 பயிற்சி யாருக்கு என்ற சண்டையில் பழைய ஏர் இந்தியா பைலட்டுகள் ஏறக்குறைய இரண்டு மாதம் ஸ்டிரைக். அந்த வருஷம்தான் சுமார் 30,000 கோடி ரூபாய் படிப்படியாகக் கொடுக்க அரசு ஒப்புக்கொண்டது. நம்ம வரிப்பணம்! விமானம் வாங்கிய கடனும் எரிபொருள் விலையும் நஷ்டத்துக்குக் காரணம்தான். ஆனால் போர்டு ஒன்றாகியும் ஆட்கள் இரண்டு அணியாகவே இருந்தது பெரிய சுமை.

2022 ஜனவரியில் டாடா கைக்கு வந்தபோது குழுமத்தில் நான்கு ஏர்லைன்கள். இந்த முறை இலக்கு முதலில் வந்தது: ஐந்து வருடத்தில் உள்நாட்டு சந்தையில் 30% பங்கு. பிறகு 2024-ல் நான்கும் இரண்டாயின. குறைந்த கட்டணத்துக்கு எக்ஸ்பிரஸ், முழு சேவைக்கு ஏர் இந்தியா. அப்படியும் அதே வருடம் புதிய சம்பள முறை பிடிக்காமல் விஸ்தாரா பைலட்டுகள் முரண்டு பிடிக்க, ஏகப்பட்ட விமானங்கள் ரத்து. இலக்கு ஸ்லைடில் இருந்தால் போதாது, ஊழியரின் சம்பள சீட்டிலும் அது நியாயமாகத் தெரியணும்.

அதனால் அடுத்த முறை இணைப்பு அறிவிப்பு வந்தால் இந்த மூன்றையும் பாருங்க:

1. பொது இலக்கு எண்ணோடும் தேதியோடும் இருக்கா? "உலகத் தரம்" என்பது இலக்கு இல்லை.

2. சம்பளம், சீனியாரிட்டி, சாஃப்ட்வேர் எப்போது ஒன்றாகும்? கான்கால்ல இதுக்கு நேரடி பதில் வருதா?

3. இணைப்புச் செலவு "எக்ஸெப்ஷனல் ஐட்டம்" என்ற பெயரில் வருஷா வருஷம் வந்துகொண்டே இருக்கா? வந்தால், இணைப்பு இன்னும் முடியலைன்னு அர்த்தம்.

மூன்றுக்கும் பதில் கிடைக்கலைன்னா, ரேஷியோ எவ்வளவு கவர்ச்சியா இருந்தாலும் கூடுதலாக வாங்க அவசரப்படாதீங்க.