கண்ணாடி இறங்குகிறதா?

டோல் சாவடியில் உங்களுக்கு முன்னால் நிற்பவர், கார் கதவைப் பாதி திறந்து, ஒரு காலை வெளியே ஊன்றி எக்கிக்கொண்டு கார்டைத் தட்டுகிறாரா? சிரிக்காதீர்கள். போன மாதம் லாத்தார் நெடுஞ்சாலையில் அப்படித் தட்டியவன் நான். பின்னால் நின்ற லாரிக்காரர் ஹார்ன்கூட அடிக்கவில்லை. அவர் கண்ணுக்குப் பழகிய காட்சி போலிருக்கிறது.

"பவர் விண்டோவைப் பற்றி எழுதுங்கள், கார் வைத்திருக்கும் எல்லாரும் படிப்பார்கள்" என்று ஆசிரியர் குழு சொன்னபோது, நான் ஏற்கெனவே காசு கொடுத்துப் பாடம் படித்திருந்தேன். படித்த இடம் சுங்கை பெசாரில் ஒரு பட்டறை.

போர்மேன் முதலில் ஸ்பேனரைத் தொடவில்லை. சாவியைத் திருப்பினார், சுவிட்சை அழுத்தினார், கதவில் காதை வைத்தார். டாக்டர் நெஞ்சில் குழாய் வைப்பது போல இருந்தது.

"சத்தமே இல்லண்ணே. சத்தம் இருந்து கண்ணாடி நகரலேன்னா கேபிள் அறுந்திருக்கும், இல்ல பிளாஸ்டிக் கிளிப் உடைஞ்சிருக்கும். சத்தமே இல்லேன்னா கரண்டைத் தேடணும்."

பிறகு ஒன்று செய்தார். ஒரு கையால் சுவிட்சை அழுத்திக்கொண்டே, மறு கை முஷ்டியால் கதவின் உள்பக்கம் இரண்டு குத்து விட்டார். ஒரு வாரமாக அசையாத கண்ணாடி சரசரவென்று இறங்கியது. நான் கும்பிடாத குறை. "சந்தோஷப்படாதீங்க. மோட்டாருக்குள்ள கார்பன் தேஞ்சிருச்சு. இன்னும் நாலு தடவை குத்தினா வரும், அஞ்சாவது தடவை வராதுலா."

கதவின் உள் அட்டையைக் கழற்றியதும் எனக்கு வெட்கமாகிவிட்டது. அடியில் ஒரு விரல் கனத்துக்குச் செம்மண் சேறு, அதில் நெல் பதர். தென்னமரம் எஸ்டேட் பக்கம் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய் வந்த மண்ணாக இருக்கலாம். கதவின் கீழ் விளிம்பில் மழைநீர் வடிய ஓட்டைகள் உண்டு. அவை அடைத்துக்கொண்டால் தண்ணீர் கதவுக்குள்ளேயே நிற்கும், இரும்பு துருப்பிடிக்கும். அட்டைக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளும் அப்படித்தான். "இது எதுக்கு" என்று யாரோ ஒரு முறை கிழித்துப் போட்டுவிட்டால், ஈரம் சுவிட்சு வரைக்கும் வந்துவிடும்.

மற்றதெல்லாம் சின்னச் சின்ன விஷயங்கள். நாலு கண்ணாடியும் ஒரே நேரத்தில் நின்றால் முதலில் பியூசைப் பாருங்கள். கருகியிருந்தால் அதே ஆம்பியர் பியூஸைத்தான் போட வேண்டும். சிகரெட் டப்பா வெள்ளித்தாளைச் சுற்றிவைப்பது காரைக் கொளுத்தும் வழி. ஒரு கதவு மட்டும் செத்திருந்தால், பக்கத்துக் கதவின் சுவிட்சைக் கழற்றி மாட்டிப் பாருங்கள், பொருந்துகிற காராக இருந்தால். கதவுக்கும் காரின் உடலுக்கும் நடுவே மடங்கி மடங்கி விரிகிற ரப்பர் குழாய்க்குள் வயர் அறுந்திருப்பதும் உண்டு. கண்ணாடி மெதுவாக ஏறினால் ரப்பருக்கு சிலிக்கோன் ஸ்பிரே போதும். எண்ணெய் விட்டால் தூசி ஒட்டி இன்னும் இறுகும். ஓட்டுநர் கதவில் இருக்கும் 'லாக்' பொத்தானைப் பிள்ளைகள் அழுத்தி வைத்தது தெரியாமல் பட்டறைக்கு வந்து, தலையைச் சொறிந்துகொண்டு திரும்பியவர்கள் கணக்கில்லை என்றார் போர்மேன்.

மோட்டாருக்கும் கூலிக்கும் 180 வெள்ளி. அதோடு கட்டுரையை முடித்திருக்கலாம். ஆனால் கூலியை எண்ணிக்கொண்டே அவர் கேட்ட கேள்வி ஒன்று என்னை விடவில்லை: "பின் கண்ணாடி ரெண்டும் வேலை செய்யுதான்னு எப்பண்ணே பார்த்தீங்க?"

பார்த்ததே இல்லை.

கேள்வி ஏன் உறுத்தியது என்றால், சுங்கை பெசார் பக்கம் வீட்டு முகவரியே வாய்க்காலை வைத்துத்தான். பாரிட் இத்தனையில் திரும்பு, கால்வாயை ஒட்டியே போ என்பார்கள். பெர்ணம் ஆற்றுத் தண்ணீர் தெங்கி ஆறு வழியாக தஞ்சோங் காராங்கில் புகுந்து, செக்கிஞ்சான், சுங்கை பெசார் என்று வயல் வயலாகப் பிரிகிறது. அந்தக் கால்வாய்களை ஒட்டியே சாலைகள். பல இடங்களில் தடுப்பு கிடையாது, இரவில் விளக்கும் கிடையாது. கார் 'தாலி ஆயர்' என்னும் கால்வாய்க்குள் பாய்ந்தது என்ற செய்தியை நாளிதழில் படிக்காதவர் யார்?

கனடாவின் மானிடோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ட் கார்களைத் தண்ணீரில் இறக்கி, உள்ளே ஆள் உட்காரவைத்துப் பலமுறை சோதித்தவர். அவர் கணக்கில் வெளியேற நமக்குக் கிடைப்பது சுமார் ஒரு நிமிடம். போனை எடுக்காதே, கதவைத் திறக்காதே. பெல்ட்டைக் கழற்று, கண்ணாடியை இறக்கு, பிள்ளைகளை முதலில் தள்ளு, நீ வெளியேறு என்பது அவர் சொல்லும் வரிசை. கார் மிதக்கும் அந்த நேரத்தில் மின்சாரக் கண்ணாடி பெரும்பாலும் வேலை செய்யும். தண்ணீர் கண்ணாடி மட்டத்துக்கு ஏறிவிட்டால் அழுத்தத்தில் அது நகராது. கரையிலேயே இறங்காத கண்ணாடியைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

சுத்தியல் வைத்திருக்கிறேன் என்பீர்கள். 2019-இல் அமெரிக்க ஆட்டோமொபைல் சங்கம் கண்ணாடி உடைக்கும் ஆறு கருவிகளைச் சோதித்தது. சாதாரண டெம்பர்டு கண்ணாடியை நாலு உடைத்தன. நடுவில் தாள் வைத்து ஒட்டிய லேமினேட்டட் கண்ணாடியை ஒன்றுகூட உடைக்கவில்லை. உங்கள் கார் கண்ணாடி எந்த வகை என்று அதன் மூலையில் பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும். இருக்கையின் தலையணைக் கம்பியால் உடைக்கலாம் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள், அது அதற்காகச் செய்ததல்ல.

 

நம் நாட்டில் 2020 ஜனவரி 1 முதல் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு இருக்கை கட்டாயம். பெரும்பாலும் அதைப் பின்னால்தான் பொருத்துகிறோம். பெல்ட்டை இழுத்து இழுத்துப் பார்க்கிற நாம், அந்தப் பிள்ளைக்குப் பக்கத்தில் இருக்கும் கண்ணாடியை இறக்கிப் பார்ப்பதில்லை. வெயிலுக்குக் கருப்புத் தாள் ஒட்டி, திரை மாட்டி, அதை மறந்தே விடுகிறோம்.

வீட்டுக்கு வந்ததும் என் காரில் சோதித்தேன். வலது பின் கண்ணாடி இறங்கியது. இடது பின் கண்ணாடி 'டக்' என்று ஒரு சத்தம் கொடுத்து அப்படியே நின்றது. மறுநாள் காலை திரும்பவும் பட்டறைக்குப் போனேன். நீங்களும் இன்று சாயங்காலம் காரை நிறுத்தியதும், இறங்குவதற்கு முன் நாலு சுவிட்சையும் ஒரு தடவை அழுத்திப் பாருங்கள். பின்கதவுகளில் இருந்து தொடங்குங்கள்.