இரண்டு மொழிகளில் ஒரு பிள்ளைப்பிராயம்

சென்னையிலும் பெங்களூரிலும் குடியேறிய நம் குடும்பங்களில் சித்தூர், திருப்பதிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் அநேகர். ஞாயிறு ஆராதனை முடிந்து அவர்கள் வாசலில் கூடி நிற்கும்போது நடக்கிற பேச்சைக் கவனித்திருக்கிறீர்களா? கேள்வி தமிழில் எழும்பும். பதில் தெலுங்கில் வரும். மூன்றாவது ஆள் இரண்டையும் கலந்து சிரிப்பார். "உங்கள் தாய்மொழி எது?" என்று அவர்களைக் கேட்டால் ஒரு கணம் யோசித்துத்தான் சொல்லுவார்கள். அவர்களுடைய சிறுபிராயத்தில் இந்தக் கேள்வியை ஒருவரும் கேட்டதில்லை.

அதற்குக் காரணம் உண்டு. 1911வரை சித்தூர்தான் வடஆற்காடு மாவட்டத்தின் தலைநகர். அவ்வாண்டு ஏப்ரல் 1ஆம் தேதி சித்தூர் தனி மாவட்டமாயிற்று. வடஆற்காட்டின் தலைநகர் வேலூருக்குப் போயிற்று. 1953 அக்டோபரில் ஆந்திர மாநிலம் உண்டானபோது சித்தூர் மாவட்டம் அதனோடு சேர்ந்தது. ம.பொ.சி. தலைமையில் வடக்கெல்லைப் போராட்டம் நடந்து, படாஸ்கரின் தீர்ப்பின்படி 1960 ஏப்ரலில் திருத்தணி சென்னை மாநிலத்துக்குத் திரும்பிற்று. 1950இல் திருத்தணியில் பிறந்த ஒரு பிள்ளையை எண்ணிப் பாருங்கள். சென்னை மாநிலம், ஆந்திர மாநிலம், 1956இல் ஆந்திரப் பிரதேசம், மறுபடியும் சென்னை மாநிலம்! வீட்டுத் திண்ணையை விட்டு இறங்காமலே பத்து வயதுக்குள் அதன் முகவரி மூன்று முறை மாறிவிட்டது. சில மைல் தூரத்திலுள்ள நகரியும் புத்தூரும் அப்படியே ஆந்திரத்தில் நின்றுவிட்டன. பெரியவர்கள் எல்லைக்காக வழக்காடினார்கள். பிள்ளைகளோ எந்த மொழிக்காரன் வீட்டுத் தோப்பில் மாங்காய் பழுத்திருக்கிறது என்பதில்தான் கவனமாயிருந்தார்கள்.

அவர்கள் விளையாடிய விளையாட்டுகளைச் சற்று கேளுங்கள். கிட்டிப்புள்ளுக்கு அங்கே இன்னொரு பெயர் பில்லங்கோடு. பெண்பிள்ளைகள் தரையில் கட்டம் கீறி ஒற்றைக் காலில் தாண்டியது ஒரு வீட்டில் பாண்டி, அடுத்த வீட்டில் தொக்குடு பில்லா. கூழாங்கற்களை மேலே வீசிப் பிடித்தால் தமிழில் ஐந்தாங்கல், தெலுங்கில் அச்சனகாயலு. பதினான்கு குழிகளுள்ள பல்லாங்குழிப் பலகையை எதிர்வீட்டுப் பாட்டி வாமனகுண்டலு என்பாள். புளியங்கொட்டைகள் இரண்டு பெயருக்கும் ஒன்றுதான்! விதியும் ஒன்றே, ஏமாற்றும் வித்தையும் ஒன்றே. சண்டை மூண்டால் மாத்திரம் எந்த மொழியில் வசைச்சொல் கூர்மையோ அந்த மொழி கைகொடுக்கும்.

பள்ளிக்கூடத்திலும் அப்படியே. தெற்கத்தித் தமிழர் சிலேட்டுக் குச்சி என்று சொல்லுவதை இந்தப் பக்கத்தார் பலப்பம் என்பார்கள். அது தெலுங்கிலும் பலப்பமே. கரைந்துபோன பலப்பத் துண்டுக்காகப் பிள்ளைகள் கண்ணீர்விட்ட காலம் அது. தமிழில் வாய்ப்பாடு, தெலுங்கில் எக்காலு. இரண்டையும் ராகம் போட்டே படித்தார்கள். 1960களில் கேர் நிறுவனத்தின் உதவியால் பள்ளிகளில் பகலுணவு கொடுக்கப்பட்டது. அந்த மக்காச்சோள மாவு உப்புமாவின் வாசனையை எழுபது வயதைத் தாண்டியவர்கள் இன்றும் வர்ணிக்கிறார்கள். அது அவ்வளவு ருசியாயிருந்ததா, அல்லது பசி அவ்வளவு பெரிதாயிருந்ததா என்று கேட்டால் சிரித்துக்கொண்டு பேச்சை மாற்றிவிடுகிறார்கள்.

1957 ஏப்ரல் முதல் தேதி நயாபைசா வந்தது பிள்ளைகளுக்குப் பெரிய குழப்பம். ரூபாய்க்குப் பதினாறு அணா என்று மனப்பாடம் செய்த தலைமுறை, நூறு பைசா என்று திருப்பிப் படிக்கவேண்டியதாயிற்று. கணக்குப்படி ஓரணாவுக்கு ஆறேகால் நயாபைசா. கால் பைசாவுக்கு நாணயம் ஏது? கடைக்காரர் ஆறுதான் கொடுப்பார். நடுவில் துளையிட்ட ஓட்டைக் காலணாவைக் கயிற்றில் கோத்து வைத்திருந்த பிள்ளைகளுக்கு அது வெறும் விளையாட்டுப் பொருளாயிற்று. படியும் ஆழாக்கும் வீசையும் பலமும் போய், லிட்டரும் கிலோவும் வந்ததும் அந்நாட்களை ஒட்டித்தான். ஆனாலும் எட்டு ஆழாக்கு ஒரு படி என்ற கணக்கு அடுக்களையைவிட்டு அத்தனை சீக்கிரம் வெளியேறவில்லை.

உணவைப் பற்றிச் சொல்லாமல் சித்தூரைப் பற்றிச் சொல்லக் கூடுமோ? ராகிக்களி அங்கே சங்கட்டி. அதன் நடுவில் குழி செய்து கீரைக் குழம்பை ஊற்றி, மென்று தின்னாமல் விழுங்கவேண்டும். வேர்க்கடலை மல்லாட்டையாகும். கரும்பு வெட்டும் பருவத்தில் ஆலைக் கொட்டகையைச் சுற்றிலும் பிள்ளைகள் நிற்பார்கள். கொப்பரையிலிருந்து எடுத்த சூடான பாகு கரும்புத் தோகையில் கிடைத்தால் அன்று பண்டிகை. கோடையில் பெங்களூரா என்னும் கிளிமூக்கு மாங்காய். இன்று அதே மாங்கனியின் கூழ் சித்தூர்த் தொழிற்சாலைகளிலிருந்து கப்பலேறுகிறது. அன்று அது உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுத் தின்பதற்கே உண்டானதென்று பிள்ளைகள் நம்பினார்கள்.

மரமேறினவன் விழாமலிருப்பானா? விழுந்து கை முறிந்தால் புத்தூருக்கு அருகேயுள்ள ராசபாளையத்துக்குத்தான் கொண்டுபோவார்கள். பச்சிலைச் சாந்தும் முட்டையின் வெள்ளைக்கருவும் பூசி, மூங்கில் பத்தை வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டும் புத்தூர்க் கட்டு தமிழகமெங்கும் பெயர்பெற்றது. அந்தக் கட்டோடு ஊர் திரும்பும் சிறுவனுக்கு வீதியில் வீரனுடைய மரியாதை. காட்பாடியிலிருந்து சித்தூர், பாகாலா வழியாகத் திருப்பதிக்குப் போன மீட்டர்கேஜ் புகைவண்டியில் சன்னலோரம் உட்கார்ந்து கண்ணில் கரித்தூள் விழாதவன் அந்தச் சீமையில் ஒருவனுமில்லை.

இவ்வளவும் இனிமையே. ஆயினும் முன்னாட்களே நலமென்று பேசுகிறவனைப் பிரசங்கியின் புஸ்தகம் ஞானவானாக எண்ணவில்லை என்பதையும் நாம் மறக்கலாகாது. ஏனெனில் நம் நினைவு நல்லதைப் பொறுக்கிவைத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிடுகிறது. 1951இல் இந்தியாவில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் ஏறத்தாழ 146 பேர் முதலாம் பிறந்தநாளைக் காணவில்லை. இப்பொழுது அது முப்பதுக்கும் கீழே வந்திருக்கிறது. பெரியம்மைத் தழும்பில்லாத வீதி இல்லை. 1950களின் தொடக்கத்தில் இராயலசீமாவைப் பஞ்சம் வாட்டியபோது ஜனங்கள் கஞ்சித் தொட்டிகளுக்கு முன்பாக வரிசையில் நின்றார்கள். காசநோய் கண்டவர்களை மதனப்பள்ளிக்கு அருகே மிஷனெரிமார் தொடங்கிய ஆரோக்கியவரம் மருத்துவமனைக்கு அனுப்பினார்கள்; அதைப் பற்றி வீட்டில் தாழ்ந்த குரலிலேயே பேசினார்கள்.

பெண்களில் நூற்றுக்கு ஒன்பதுபேர்கூட அன்று எழுத்தறியவில்லை. மகனுடைய கடிதத்தைத் தாய்க்குத் தபால்காரரே வாசித்துக் காட்டவேண்டும். அதனால் இரகசியம் எதையும் எழுதக்கூடாது. "அந்தக் காலத்துக் கிணற்றுநீர் தேன்" என்று ஆண்கள் உருகுகிறார்கள். அந்தத் தேனை இடுப்பிலும் தலையிலும் சுமந்த பெண்களைக் கேட்டால் குழாயைத்தான் ஸ்தோத்திரிப்பார்கள்! அதே கிணற்றில் வாளியிடக்கூடாதென்று விலக்கப்பட்ட பிள்ளைகளும், தேநீர்க்கடையில் தனிக் குவளையில் குடித்தவர்களும் நம்மிடையே முதியோராக உட்கார்ந்திருக்கிறார்கள். ஊரே ஒரு குடும்பமாயிருந்தது என்று மேடையில் யாராவது சொல்லும்போது அவர்கள் முகத்தைப் பாருங்கள். பிள்ளைகளுக்கு அந்நாட்களைச் சொல்லுகிறவர்கள் பாகையும் பஞ்சத்தையும் சேர்த்தே சொல்லட்டும்.

அப்படியானால் உண்மையாகவே இழந்துபோனது எது? பஞ்சம் போனது நல்லது. அம்மை போனது மிக நல்லது. என் கணிப்பில், இரண்டு மொழிகளில் ஒருங்கே வாழ்ந்த அந்த இயல்புதான் நம் கண்முன் போய்க்கொண்டிருக்கிறது. ஒரே வீட்டில் பாட்டி தமிழ் வேதாகமத்தை எழுத்துக்கூட்டி வாசித்தாள். அவளுடைய பேரன் தெலுங்குப் பள்ளியில் படித்தான். தமிழைப் பேசுவான், வாசிக்கமாட்டான். அவன் பிழைப்புக்காகச் சென்னைக்கு வந்து, பேருந்துப் பலகையைப் பிறரிடம் கேட்டு ஏறினான். இப்பொழுது அவனுடைய பேரப்பிள்ளைகளில் அநேகருக்கு ஆங்கில எழுத்து மாத்திரமே சரளம். தாத்தா "பலப்பம்" என்றால், "அது தமிழே இல்லை" என்று பிள்ளை திருத்துகிறது. அவர் தெலுங்கில் பேசினாலோ ஐதராபாத் உறவினர், "இது தமிழ்வாடை" என்று நகைக்கிறார்கள். இரண்டு பக்கமும் திருத்தப்பட்டவர் மெல்ல மெல்ல மௌனமாகிவிடுகிறார். முதியவர் பேசுவதில்லை என்று நாம் குறைசொல்லுகிறோம்; அவர் வாயை அடைத்தது யார் என்று யோசிப்பதில்லை.

இதற்கு அரசாங்கத்தை எதிர்பார்க்கவேண்டியதில்லை. 1997 முதல் குப்பத்தில் திராவிட மொழிகளுக்கென்று ஒரு பல்கலைக்கழகமே இருக்கிறது. அது செய்யக்கூடியதை அது செய்யட்டும். அடுக்களைச் சொல்லையும் விளையாட்டுச் சொல்லையும் காக்கக் கூடிய இடம் வீடு ஒன்றுதான். 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமாகப் பிரிந்தது. வரைபடம் இன்னும் எத்தனை முறை மாறுமோ, யார் அறிவார்! ஆகையால் உங்கள் வீட்டில் அப்பக்கத்துப் பெரியவர் ஒருவர் இருப்பாரானால், இந்த விடுமுறையில் பிள்ளைகளை அவரிடம் அனுப்புங்கள். "பழைய கதை சொல்லுங்கள்" என்று பொதுவாய்க் கேட்டால் அவருக்கு ஒன்றும் தோன்றாது. குறிப்பாகக் கேட்கச் சொல்லுங்கள்: கோலி விளையாட்டில் தோற்றவனுக்கு என்ன தண்டனை? சங்கட்டி கிண்டும் கட்டைக்கு என்ன பெயர்? கடிதத்தை வாசித்துக் காட்டியவர் யார்? எந்தக் கிணற்றில் தண்ணீர் எடுத்தீர்கள், எதில் எடுக்கவிடவில்லை? அவர் எந்த மொழியில் பதில் சொன்னாலும் இடைமறிக்காமல், ஒரு நோட்டுப் புத்தகத்தில் அந்தச் சொல்லை அவர் சொன்னபடியே எழுதி, பக்கத்தில் ஊர்ப்பெயரையும் குறித்துக்கொள்ளட்டும்.