மாதாவும் பிள்ளையைத் தேடியவள்தான்!

ஊர்ப் பயணம் என்றால் முதல் நாள் இரவு நம்மில் யார்தான் தூங்கியிருக்கிறோம்? புளியோதரை கிளறி, தயிர்ச்சாதம் புளிக்காதிருக்கப் பால் விட்டுப் பிசைந்து, பிள்ளைகளுக்கு மாற்றுத் துணி எடுத்து வைத்து, காய்ச்சல் மருந்தைத் தேடிக் கைப்பையில் போட்டு... 2018 செப்டம்பரில் வேளாங்கண்ணிக்குக் கிளம்பியபோதும் இத்தனையும் செய்தேன். ஒன்றை மட்டும் மறந்துவிட்டேன்.

திருச்சியிலிருந்து வேனில் போனோம். நாங்கள், நாத்தனார் வீட்டார், என் மாமியார் ஆகப் பதினோரு பேர். சின்னவனுக்கு அப்போது ஐந்து வயது. கைக்குழந்தையில் நிமோனியா கண்டு பிழைத்தவன். அவன் முடியை மாதாவுக்குக் கொடுப்பதாக அத்தை நேர்ந்துகொண்டிருந்தார்.

ஆகஸ்ட் 29-ல் கொடியேறினால் செப்டம்பர் 8 வரை அங்கே திருவிழா. நாங்கள் போனது 7-ஆம் தேதி, பெரிய தேர் பவனி நாள். எங்கே பார்த்தாலும் காவி உடுத்தி நடந்தே வந்த ஜனங்கள். மொட்டை போட்டு, கடலில் குளிப்பாட்டி, தலையில் சந்தனமும் பூசியாயிற்று. அடுத்தது மாதா குளம். கோயிலிலிருந்து குளத்துக்குப் போகும் மணல் பாதையில் முழந்தாளிட்டுத்தான் வருவேன் என்று அத்தை ஒரே பிடிவாதம்.

"இந்த வயசிலே வேணாம் அத்தை."

"மாதா பார்த்துக்குவா, நீ சும்மா வா."

கையில் தண்ணீர் பாட்டிலோடு நான் அவர் பக்கத்திலேயே நடந்தேன். அரை மணி கழித்துக் குளத்தருகே அவரைப் பார்த்தேன்.

"தம்பி எங்கேங்க?"

"உன்கூடத்தானே வந்தான்?"

வயிற்றுக்குள் ஏதோ கழன்று விழுந்தது போலிருந்தது. தாயாகியிருப்பவர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. திரும்பின பக்கமெல்லாம் சந்தனம் பூசிய மொட்டைத் தலைகள்! ஒரு பையனின் தோளைப் பிடித்துத் திருப்பினேன். யார் பெற்ற பிள்ளையோ, என்னைப் பார்த்து அழ ஆரம்பித்தான்.

அப்போது நாங்கள் செய்த காரியத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. தேடுவதை விட்டுவிட்டு, அத்தனை ஜனத்துக்கு நடுவில் சண்டை பிடித்துக்கொண்டோம். "ஒருநாள் பிள்ளையைப் பார்த்துக்கச் சொன்னா இப்படித்தானா?" என்று நான். "நீ எப்பவாவது திரும்பிப் பார்த்தியா?" என்று அவர். முழங்காலெல்லாம் மணலோடு நின்றிருந்த அத்தைதான் அதட்டினார்: "சண்டையை வீட்டிலே போய்ப் போடுங்க. மாதாவும் பிள்ளையைத் தொலைச்சுட்டுத் தேடினவதான். அவ சூசையப்பரோட சண்டையா போட்டுக்கிட்டு நின்னா?"

ஒரு மணி நேரம் கழித்து ஒலிபெருக்கியில் அறிவிப்பு வந்தது. அப்பா சட்டை மாதிரியே நீலச் சட்டை போட்ட யாரோ ஒருவர் பின்னால் போயிருக்கிறான். அப்பா பேர் கேட்டால் "அப்பா"வாம். எதில் வந்தாய் என்றால் "வேன்"னாம்! பெஞ்சில் உட்கார்ந்து முறுக்கைக் கடித்துக்கொண்டு, "ஏம்மா அழறே? நான் இங்கேயேதானே இருக்கேன்" என்றான்.

ஊர் திரும்பியதும் லூக்கா நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்தை எடுத்து வைத்துப் படித்தேன். நாசரேத்திலிருந்து எருசலேமுக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் வரும். பாஸ்கா திருவிழா முடிந்து உறவுக் கூட்டத்தோடு திரும்புகிறார்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளை கூட்டத்தில் எங்கேயோ இருப்பான் என்று ஒரு நாள் முழுக்க நடந்துவிடுகிறார்கள். ஒரு நாள் முழுக்கப் பெற்றவள் கவனிக்காமல் இருப்பாளா என்று சிறுவயதில் நினைத்திருக்கிறேன். இப்போது நினைக்கமாட்டேன். மூன்றாம் நாள் கோயிலில் போதகர்கள் நடுவே கண்டபோது தாய் என்ன கேட்கிறாள் தெரியுமா? உன் அப்பாதான் விட்டுவிட்டார் என்று ஒரு பேச்சு இல்லை. கணவரையும் சேர்த்தே பேசுகிறாள். தேடித் தவித்தவர்களில் அவரைத்தான் முதலில் சொல்கிறாள். மகன் பிறகு பெற்றோருக்குக் கீழ்ப்படிந்திருந்தான் என்பதைப் பிரசங்கத்தில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். இந்த ஒரு விஷயத்தை எனக்கு யாரும் எடுத்துச் சொன்னதில்லை.

இதே சம்பவம்தான் ஜெபமாலையில் சந்தோஷ தேவ இரகசியங்களில் ஐந்தாவது. மாதாவின் ஏழு வியாகுலங்களில் மூன்றாவதும் இதுவே. சந்தோஷத்திலும் இருக்கிறது, துக்கத்திலும் இருக்கிறது! எத்தனையோ வருஷம் மணியை உருட்டியவள், அன்றுவரை இதைக் கவனித்ததேயில்லை.

இப்போதெல்லாம் கிளம்புமுன் பிள்ளைகளின் சட்டைப் பையில் எங்கள் இருவர் பெயரும் போன் நம்பரும் எழுதிய சீட்டை வைத்து ஊக்கு குத்திவிடுகிறேன். அன்று மறந்தது அதைத்தான். போன இடத்தில் இறங்கியதும், வழி தவறினால் எங்கே வந்து நிற்க வேண்டும் என்று ஓர் இடத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டுகிறோம். கைமாற்றும்போது "இனி உங்க பொறுப்பு" என்று வாய்விட்டுச் சொல்கிறோம். "சரி" என்ற பதில் வந்தால்தான் நகர்வேன். பார்க்கிறவர்கள் சிரிக்கட்டுமே!

அன்று திரும்புகையில் வேனில் எங்களுக்குள் பேச்சே இல்லை. தஞ்சாவூர் தாண்டியதும், மடியில் தூங்கும் பையனைத் தூக்கி என் மடிக்கு மாற்றியபடி, "நானும் பார்க்கலைதான்" என்றார். அவ்வளவுதான். திங்கட்கிழமை வீட்டில் ஜெபமாலை. நான்கு இரகசியங்களை அவரே முன்னின்று சொன்னார். ஐந்தாவது வந்தபோது குரல் அடைத்தது. "நீ சொல்லு" என்று ஜெபமாலையை என் கையில் கொடுத்தார்.